வேஷம், மருள், பித்து: வட ஆற்காட்டுக் களரியில் கோடு எங்கே விழுகிறது

சூதாட்டமும் திரௌபதியின் துகில் உரிவதும் வரும் ‘பகடை துகில்’ நாடகம் ஆடும் இரவில் வட ஆற்காட்டுக் கூத்து ஜமாக்கள் (குழுக்கள்) வாத்தியக்காரர் பக்கத்திலேயே சில சாமான்களை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம்: ஒரு சொம்புத் தண்ணீர், இரண்டு மூன்று எலுமிச்சம்பழம், திருநீறு, வேப்பிலைக் கொத்து, கற்பூரம். திரௌபதி வேஷக்காரரோ துச்சாதனன் வேஷக்காரரோ நிதானம் தப்பினால் சட்டென்று கைக்குக் கிடைக்க வேண்டும். நிதானம் தப்பும் என்று தெரிந்தே, அதற்குத் தயாராகவே தொடங்குகிற கலை இது. நகரத்து அரங்கில் ஒரு நடிகர் சரிந்து விழுந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். செய்யாறு, ஆரணி, போளூர், கலவைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் களரியில், அதாவது கூத்தாடும் இடத்தில், கற்பூரம் காட்டுவார்கள். இரண்டு இடத்திலும் உடம்பு செய்வது ஒன்றுதான். கண் செருகும், கை நடுங்கும், குரல் மாறும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது.

நடிப்பு எங்கே முடிகிறது, சாமி வந்து ஆடுகிற மருள் எங்கே தொடங்குகிறது, இரண்டும் இல்லை, இது நோய் என்று எப்போது சொல்வது? உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. எதில் தொடங்கியது, நடக்கும்போது யார் பிடித்திருந்தார்கள், எப்படி முடிந்தது என்று கேட்க வேண்டும். ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியார் கவனிப்பது இதைத்தான். மனநல மருத்துவர் விசாரிப்பதும் கிட்டத்தட்ட இதையேதான், பெயர்கள்தான் வேறு.

வட ஆற்காடு என்ற மாவட்டம் இப்போது கிடையாது. 1989இல் வேலூர் ஒரு பக்கமும் திருவண்ணாமலை ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. கூத்துக்காரர்களுக்கு இந்த எல்லைகள் பொருட்டில்லை. தேதி கொடுத்த ஊருக்குப் போய் ஆடுவார்கள்.

துகில் உரியும் நேரம்

அக்னி வசந்த விழா என்பது பாரதத்தைப் பல நாள் சொல்லி, ஆடி, தீமிதியில் முடிக்கும் விழா. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. பத்து மணிவாக்கில் களரி கட்டினால் விடிகிறவரை ஆட்டம். ஆடுமிடம் மண் தரைதான். ஒரு பெஞ்சு, அதன் பின்னால் ஹார்மோனியம், மத்தளம், டோலக், முகவீணை, தாளம், பின்பாட்டுக்காரர்கள். வேஷக்காரர் நேரே வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் மறைவில் நின்று பாடி, கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டி, பிறகே வெளியே வருவார்.

மேலே கட்டுகிற கிரீடமும் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. மரம் லேசுதான், ஆனால் சுழன்று ஆடும்போது நழுவாமலிருக்கக் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு நெஞ்சுக்கூட்டைப் பிடித்துவிடும், மூச்சு மேல்மூச்சாகத்தான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

துச்சாதனன் திரௌபதியின் கூந்தலில் கை வைக்கிற இடத்துக்கு முன்னால் கதை நிற்கும். கட்டைகள் குலுங்க ஆடிக்கொண்டிருந்த மனிதர் அம்மன் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிடுவார். கற்பூரம் ஏற்றுவார்கள். வேஷம் கட்டினவன் செய்கிறேன், குற்றமாக எடுத்துக்கொள்ளாதே தாயே என்கிற மாதிரி இரண்டு வார்த்தை. அதற்குப் பிறகுதான் கை நீளும். உரிவதற்கென்று வேஷத்தின் மேலே தனிச் சேலை சுற்றியிருக்கும், இழுபடுவது அதுதான். இதற்குள் கூட்டத்தில் பெண்கள் சிலர் ஆடத் தொடங்கியிருப்பார்கள். திரௌபதி கிருஷ்ணனைக் கூவி அழைக்கிற விருத்தத்தில் வேஷக்காரருக்கே மருள் வருவதும் உண்டு. வேஷம் கட்டியிருப்பவர் ஆண்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரைத் தொட்டுக் கும்பிட வருகிற கிழவிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சிலர் நினைப்பதுபோல் இது கட்டுப்பாடு இல்லாத ஆட்டமாக இருந்தால் ஒரு ஜமா ஒரு பருவம்கூடத் தாங்காது. ஆட்டத்துக்குள்ளேயே பிரேக்குகள் வைத்திருக்கிறார்கள். முதல் பிரேக், தாளம். அடவு, அதாவது ஆட்ட அடி, முடிகிற இடத்தில் கால் சரியாக விழுகிறவரை ஆள் நம்மோடு இருக்கிறார் என்று அர்த்தம். முகம் எவ்வளவு கோரமாக இருந்தாலும் கவலையில்லை. முகம் சாந்தமாக இருந்து கால் தாளத்தை விட்டால்தான் பக்கத்தில் ஆள் போக வேண்டும். அடுத்தது கூத்தின் கோமாளியான கட்டியங்காரன். துச்சாதனன் உச்சத்தில் இருக்கும்போது அவன் குறுக்கே புகுந்து ஊர்ப் பஞ்சாயத்தையோ பஸ் கட்டணத்தையோ வைத்து ஒரு கேலி பேசுவான். துகில் உரியும்போது நகைச்சுவையா என்று படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தச் சிரிப்பு பார்ப்பவருக்கு மட்டும் இல்லை. வேஷக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வருகிறது, பதில் சொல்ல நினைவு வேண்டும், நினைவு திரும்பிவிடுகிறது. மூன்றாவது பிரேக், பெஞ்சு. மூச்சு முட்டுகிற ஆளை உட்கார வைத்து, அந்த நேரத்தைப் பின்பாட்டால் நிரப்பிவிடலாம்.

வேஷம் போடுவதும் கலைப்பதும்கூட இந்தக் கணக்கில் சேரும். கைக்கண்ணாடியைப் பார்த்து முத்துவெள்ளை குழைத்து, செந்தூரம் ஏற்றி, மை தீட்டி, தானே தன் முகத்தை எழுதுகிற ஆளுக்கு, எந்தக் கோட்டில் தான் துரியோதனன் ஆனோம் என்பது விரலுக்குத் தெரியும். விடிந்ததும் தேங்காயெண்ணெய் போட்டு அதே விரலால் துடைக்கிறார். அவசரத்துக்கு வேஷத்தைக் கலைக்காமல் வேனில் ஏறிப்போகிற வழக்கத்தைப் பெரியவர்கள் கண்டிப்பது வெறும் சாஸ்திரத்துக்காக என்று தோன்றவில்லை.

மருளுக்கு இடம் கொடுக்காத காட்சி ஒன்றும் இதே விழாவில் உண்டு: அர்ச்சுனன் தபசு. உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியில் உட்கார்ந்து பூசை செய்து, எலுமிச்சம்பழமும் திருநீறும் கீழே வீச வேண்டும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். பக்தி உணர்ச்சிக்கு இங்கே குறைவே இல்லை, விரதமும் கடுமை. ஆனால் மரத்தின் மேல் நிதானம் தப்பினால் ஆள் பிழைக்க மாட்டார். துகிலில் மருளுக்கு வாய்ப்பு வைத்து, தபசில் முழு நினைவைக் கேட்கிறது ஒரே மரபு, சில சமயம் ஒரே ஜமாவின் ஒரே ஆளிடம். எந்த இடத்தில் எவ்வளவு தன்னை விடலாம் என்பது பழகிப் பெறுகிற திறமை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

மறுதலையான சாட்சியும் இருக்கிறது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் போன்றவர்கள் கூத்தைச் சென்னை அரங்குகளுக்குக் கொண்டுபோனார்கள். அதே பாட்டு, அதே கட்டை, அதே துச்சாதனன். ஆனால் கோயில் இல்லாத, காப்புக் கட்டாத, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற ஆட்டத்தில் மருள் வருவது அபூர்வம்.

உடம்பின் பங்கு

விழாக்கள் பெரும்பாலும் வெயில் காலத்தில் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், இரவிலும் தணியாது. அந்தச் சூட்டில் விரதம், தூக்கமின்மை, எட்டு மணி நேர ஆட்டம். 24 மணி நேரம் விழித்திருந்த ஒருவரின் கவனமும் கை கால் நிதானமும் ரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவருக்குச் சமமாகக் குறைகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வாகனம் ஓட்ட நம் சட்டம் அனுமதிப்பது 0.03.

அடுத்தது மூச்சு. கயிறு இறுக்கிய நெஞ்சோடு வேகவேகமாக மேல்மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, தலை லேசாகிப் போகும் உணர்வு, கொஞ்ச நேரத்தில் கை விரல்கள் தானாக மடங்கிக் கூம்பிக்கொள்ளும். சாமி வந்தவரின் கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூம்பல் பழக்கமானது. இதோடு சுழன்றாட்டம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைக் கலக்கிவிடுகிறது.

ஆனால் இத்தோடு விளக்கிவிட்டதாக நினைத்தால் மத்தளக்காரர் விஷயத்தில் அது இடிக்கும். அவரும் தூங்கவில்லை, அவருக்கும் அதே சூடு, கை ஓயாத வேலை. அவருக்கு மருள் வருவதில்லை. எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியவர் அவர். உடம்பின் களைப்பு கதவைத் திறந்து வைக்கிறது. நுழைவதற்கு ஒரு குறிப்பு வேண்டும்: இந்த விருத்தம், இந்தப் பம்பை நடை, இந்தக் கற்பூரம். வெளியேறவும் அப்படியே குறிப்பு உண்டு. தண்ணீர் தெளித்து, திருநீறு இட்டு, கேட்டதைக் கொடுத்தால் சாமி மலையேறிவிடும்.

மலையேறாதவை

மலையேறாமல் போவதைத்தான் பயந்து பார்க்க வேண்டும். களரியில் சாமி என்று தவறாக எடுத்துக்கொள்ளப்படுகிறவற்றில் முதலிடம் வலிப்புக்கு. தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு விடியற்காலை ஆபத்தான நேரம். மருளில் உடல் ஆடினாலும் நிற்கும், விழுந்தாலும் கை ஊன்றி விழும். வலிப்பில் ஆள் மரம் சாய்வதுபோல் விழுவார், விறைத்துப் பின் வெட்டும், நாக்குக் கடிபடலாம், சிறுநீர் போகலாம், ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருப்பார். செய்ய வேண்டியது, கட்டைக் கயிற்றை அவிழ்ப்பது அல்லது அறுப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, நேரம் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் நன்மை எதுவும் இல்லை. வாயில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ விடுவது கெடுதல், நேரே நுரையீரலுக்குப் போய்விடும்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற வேஷக்காரர் விரதமிருந்து ஆடினால் இன்னொரு வகை மயக்கம். குளிர்ந்த வியர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, முரட்டுத்தனம். சர்க்கரை அளவு 70க்குக் கீழே போயிருக்கும். நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்தால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடுவார்.

அதிகம் பேசப்படாதது குடி நிறுத்தம். காப்புக் கட்டினால் சாராயத்தைத் தொடக்கூடாது என்பது கட்டளை. தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் காப்புக் கட்டிய அன்று சட்டென்று நிறுத்துகிறார். சில மணி நேரத்தில் கை நடுக்கம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும்: சுவரில் பூச்சி ஊர்கிறது, மூலையில் யாரோ நிற்கிறார்கள், இடம் நாள் தெரியவில்லை, உடம்பு நனைய வியர்வை, காய்ச்சல். விழாவின் மூன்றாம் நாள் கோயில் வாசலில் இப்படி ஒருவர் புலம்பினால் ஊர் என்ன சொல்லும்? ஒன்று சாமி, அல்லது தெய்வக் குத்தம். இரண்டும் இல்லை. சிகிச்சை தராவிட்டால் உயிரே போகக்கூடிய நிலை இது. மருத்துவமனையில் தூக்க வகை மாத்திரைகளைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்தும், தயமின் ஊசி போட்டும் பெரும்பாலோரைச் சில நாளில் மீட்டுவிடுவார்கள். விரதம் இருக்கப்போகிற குடிகாரர் காப்புக் கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பாலாற்றங்கரையில்

கூத்தில் வேஷம் கட்டுபவர் பழகியவர். வேலூரில் மாசி மாதம் மகா சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் நடக்கும் மயானக் கொள்ளையில் அப்படியில்லை. நேர்ந்துகொண்ட எவரும் காளியாகவோ அங்காளம்மனாகவோ முகம் எழுதிக்கொண்டு பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். வேஷம் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஆடத் தொடங்குபவர் உண்டு. தாளம் பிடிக்கத் தெரியாதவருக்குத் தாளம் பிரேக்காக இருக்க முடியாது. அந்த இடத்தைப் பம்பைக்காரரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடும் உறவினர்களும் நிரப்புகிறார்கள். பம்பைக்காரர் நடையைத் தளர்த்தி வர்ணிப்பைத் தாழ்த்தினால் ஆட்டமும் தாழும். அவரைச் சுற்றி டிஜே பெட்டி அலறினால் இந்த வேலை நடக்காது. கூட்ட நெரிசலும் விபத்தும் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒலிபெருக்கியால் வந்த இந்தக் கெடுதலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மயானக் கொள்ளையின் கதையே ஒரு பித்தைப் பற்றியது. பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது. பிச்சையாகக் கிடைப்பதையெல்லாம் கபாலமே தின்றுவிட, பசியும் பித்துமாகச் சிவன் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். மேல்மலையனூரில் அம்மன் இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைத் தரையில் சூறை விடுகிறாள். தின்ன ஆசைப்பட்டுக் கபாலம் கையை விட்டு இறங்குகிறது, அவள் காலால் மிதித்துக்கொள்கிறாள். பித்தன் என்ற பேரைச் சிவனுக்குச் செல்லப் பேராக வைத்த தமிழில், அந்தப் பித்து தீர்ந்த கதையும் இருக்கிறது, தீர்த்து வைத்தது வீட்டுக்காரி என்பதும் இருக்கிறது.

மருத்துவர் போடும் கோடு

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாட்டில், தன் அடையாளம் போய் வேறொரு சக்தி பிடித்துக்கொண்டது போன்ற நிலை தனி நோயாக உண்டு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். அது விரும்பாமல், கட்டுப்படுத்த முடியாமல் வர வேண்டும். அந்தச் சமூகத்தின் வழிபாட்டிலோ சடங்கிலோ ஏற்றுக்கொள்ளப்பட்டதாக இருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வர வேண்டும், ஒரே தடவை என்றால் பல நாள் நீடிக்க வேண்டும். ஆளுக்குக் கடும் வேதனையோ குடும்பம், தொழில் கெடும் அளவுக்குப் பாதிப்போ இருக்க வேண்டும். போதையோ வலிப்போ தூக்கமின்மையோ காரணமாக இருந்தால் இந்தப் பெயர் பொருந்தாது. துகில் களரியில் கால் மணி நேரம் ஆடி, தண்ணீர் குடித்து, காலையில் கழனிக்குப் போகிற பெண் இந்த வலைக்குள் வர மாட்டாள். விழா முடிந்து மூன்று வாரமாகியும் தினம் ஆடுகிறவள், அடுப்புப் பற்ற வைக்காதவள், ஆட்டம் வந்துவிடுமோ என்று அழுகிறவள் வருவாள். மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாதவளுக்கு மருள் ஒன்றே பேசக் கிடைத்த வழியாக இருக்கலாம். மருந்துச் சீட்டு எழுதும் முன் அதையும் கேட்டாக வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவும் சமூகத்தின் மத நம்பிக்கையோடோ ஒழுக்க மதிப்போடோ ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. அதே சட்டம் சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்த பிறகும் அந்தத் தடைக்குப் பதினாறு வருஷம் ஆயிற்று. திரௌபதி கோயில்களில் மருள் வந்தவர் நீட்டும் கையில் சாட்டையால் சில அடி கொடுப்பது அவரே கேட்டு, ஊர் நடுவில், நொடிகளில் முடியும் சடங்கு. பேய் ஓட்டுகிறேன் என்று ஒருவரைக் கட்டி வைத்து நாள்கணக்கில் அடிப்பதை அதோடு சேர்த்துப் பேசுவது மோசடி.

வேலூர் பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950களிலிருந்து இயங்குகிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே ஆரம்ப காலத்திலேயே வந்த முறை. ஆடுகிறவரைத் தனியே விடாமல் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் ஊர் வழக்கத்துக்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை.

நோய் உள்ள கலைஞர்

பித்து இருந்தால்தான் பெரிய கலை வரும் என்று பேசுகிறவர்கள் ஓவியர் வான்கோவைத்தான் முதலில் இழுப்பார்கள். 1889 மே மாதம் பிரான்சின் சான் ரெமி மனநோய்க் காப்பகத்தில் தானே போய்ச் சேர்ந்து, ஒரு வருஷத்தில் 150 படம்போல வரைந்தார் என்பது உண்மை. நோய் தாக்கிய வாரங்களில் அவரால் வேலை செய்யவே முடியவில்லை என்பதும் உண்மை. படங்கள் தெளிந்த இடைவெளிகளில் வந்தவை. கூத்திலும் நல்ல துரியோதனன் என்று பேர் எடுத்தவர், அடங்காத ஆவேசம் உள்ளவரா, ஆவேசத்தை எந்த அடவில் விட்டு எந்த அடவில் பிடிப்பது என்று தெரிந்தவரா என்று எந்தப் பின்பாட்டுக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆகவே மனநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவரை ஜமாவிலிருந்து விலக்க வேண்டியதில்லை, சில ஏற்பாடு போதும். இருதுருவ (பைபோலார்) நோய் உள்ளவருக்கு இரண்டு இரவு தூக்கம் கெட்டாலே வெறியெழுச்சி திரும்பலாம். அவருக்கு முன்னிரவில் முடிகிற வேஷம் கொடுக்க வேண்டும், அடுத்தடுத்த தேதி போடக் கூடாது. ஓயாத பேச்சு, கையில் காசு நில்லாமை, தூங்காமலே களைப்பில்லாமை மூன்றும் சேர்ந்தால் அன்று ஆட்டம் இல்லை. அந்த நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு நீர் வற்றினால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். 0.6 முதல் 1.0 வரை இருக்க வேண்டியது 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. கை நடுக்கம் கூடி, வயிற்றுப்போக்கு வந்து, நாக்குக் குழறும். உப்புப் போட்ட மோர் பக்கத்தில் இருக்க வேண்டும், விரதமென்று தண்ணீரை நிறுத்தக் கூடாது. வேறு சில மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் வியர்வையைக் குறைப்பதால் கட்டை வேஷத்துக்குள் உடம்புச் சூடு ஏறிவிடும். அவரை அரைமணிக்கு ஒரு தடவை உட்கார வைத்துக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். இரவு மாத்திரை தூக்கம் வரவழைப்பதாக இருந்தால், ஆட்ட நாளில் எப்போது போடுவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வாத்தியார் சொல்லி நிறுத்துகிற விஷயம் அல்ல அது. பக்கத்தில் மருத்துவர் இல்லாத ஊரில் இருந்தால் 14416 என்ற, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸுக்கு இரவிலும் பேசலாம். தமிழில் பதில் சொல்வார்கள், கட்டணம் கிடையாது.